மாட்டுக் கேள்வி

ஒருத்தன் தன் மாட்டைப் புதுக் கயிற்றில், ஆழமாக அடித்த முளையில், இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கிறான்; தெருவோடு போகிற எவனோ வேண்டுமென்றே ஒரு வெடியைக் கொளுத்தி அதன் காலடியில் போடுகிறான்; மாடு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, அடுத்தவன் கத்திரித் தோட்டத்தில் இறங்கி அத்தனை செடியையும் மிதித்துவிடுகிறது; நஷ்டத்தை யார் கொடுக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள்? வெடி போட்டவன்தானே? நானும் அதைத்தான் சொன்னேன். சொன்னது மட்டுமா, அந்த விடைக்கான வட்டத்தைப் பேனாவால் தேய்த்துத் தேய்த்து, ஒரு பொட்டு வெள்ளை தெரியாமல் நிரப்பிவிட்டு வந்தேன். அது தப்பு விடையாம். பதினோரு மாதமாகியும் அந்த மாடு என் தலைக்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. இதோ, அங்கன்வாடிச் சுவரில் வரைந்த யானைக்கும் மாம்பழத்துக்கும் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், இப்போதும் ஓடுகிறது. சஷ்மிதா என் மடியில். இப்போதுதான் ஊசி போட்டு முடிந்தது. தொடையில் ஒன்று, கையில் ஒன்று, வாயில் இரண்டு சொட்டு, கடைசியாக ஒரு கரண்டி வைட்டமின் மருந்து. பதினாறாம் மாதத்துக்கு இவ்வளவு. வீறிட்டு அழுதாள், பிறகு சுவரில் இருந்த யானையைக் காட்டியதும் அழுகையை அப்படியே பாதியில் நிறுத்திவிட்டு "ஆனே" என்றாள். என் பெண் அப்படித்தான், எதையும் ரொம்ப நேரம் வைத்துக்கொள்ள மாட்டாள். அந்த விஷயத்தில் என்னைப் போல இல்லை. "அரை மணி நேரம் உக்காந்துட்டுப் போங்க வினோதினி, போன தடவை மாதிரி ஓடிடாதீங்க," என்று ஜெசிந்தா சிஸ்டர் சொல்லிவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிட்டுவிட்டார். சுவர்க் கடிகாரத்தில் ஒன்று நாற்பது. இரண்டு பத்து வரைக்கும் நான் இங்கே உட்கார்ந்துதான் ஆக வேண்டும். கையில் கைபேசி. அதில் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு விண்ணப்பத்தின் கடைசிப் பக்கம். பெயர், ஊர், பட்டம், போட்டோ, கையெழுத்து எல்லாம் ஏற்றியாகிவிட்டது. கீழே பச்சை நிறத்தில் ஒரு பட்டன். இன்றைக்கு ஐந்து மணியோடு கதவைச் சாத்திவிடுவார்கள். அமுக்கினால் இரண்டாம் தடவை எழுதுகிறேன், அமுக்காவிட்டால் இல்லை, அவ்வளவுதான் விஷயம். பத்து நிமிஷம் விரல் படாமல் விட்டால் அந்தப் பக்கம் என்னை வெளியே தள்ளிவிடும் என்பதால், அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோல் அதைத் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டிருக்கிறேன். மேலே தள்ளு, கீழே தள்ளு, பட்டன் மேல் மட்டும் விரல் படாமல் பார்த்துக்கொள்.

இதே நேரம்தான் பரீட்சை நடந்த அன்றைக்கும். ஒன்றேமுக்காலுக்கு உள்ளே விட்டார்கள். திருச்சிக்கு வெளியே ஏதோ ஒரு பொறியியல் கல்லூரி, வாசலில் வேப்பமரம், அதன் கீழே சிமெண்ட் பெஞ்சு, பெஞ்சில் அத்தை, அத்தை மடியில் ஐந்து மாதச் சஷ்மி. என் மாமியாருக்கு நாற்பத்தேழு வயதுதான். பள்ளிக்கூடச் சத்துணவில் சமையல். இருநூறு பிள்ளைகளுக்கு முட்டை உரிக்கிற கை. அந்தக் கையில் என் பெண் ஒரு துணி மூட்டை மாதிரி அடங்கிக் கிடந்தாள். உள்ளே போகும்போது சோதனை செய்த அம்மா என் முந்தானையில் குத்தியிருந்த ஊக்கு, கொண்டை ஊசி, இடுப்பில் சாவி மாட்டுகிற கொக்கி எல்லாவற்றையும் வாங்கி ஒரு தட்டில் போட்டுவிட்டார். உலோகம் கூடாதாம். "மெட்டியும் கழட்டணுமா மேடம்?" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என் காலையே பார்த்துவிட்டு, "போம்மா உள்ள," என்றார். ஊக்கு இல்லாத முந்தானையை இடது கையால் பிடித்துக்கொண்டே இரண்டு மணி நேரம் எழுதினேன். மார்பில் பால் கட்டிக் கல்லாக இருந்தது. மடித்து வைத்த துணி நனைந்து, பக்கத்து வரிசைப் பையன் ஒரு தடவை மூக்கை உறிஞ்சித் திரும்பிப் பார்த்தான். பார்க்கட்டும் என்று இருந்தேன். பயமே இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குப் பயமே இல்லை. இங்கிலீஷ் பத்தி கொஞ்சம் இழுத்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியாரே தமிழில்தான் இங்கிலீஷ் எடுப்பார். தபால் வழியில் படித்த பி.ஏ. அதற்கு மேல் என்ன சொல்லிக்கொடுத்துவிடும். பொது அறிவு பாதி தெரிந்தது. கணக்கு பரவாயில்லை. சட்டப் பகுதி வந்ததும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஒரு விதியைக் கொடுத்து, கீழே ஒரு சண்டையைக் கொடுத்து, யார் பொறுப்பு என்று கேட்கிறார்கள். இதைத்தானே நான் வாரத்துக்கு இரண்டு தடவை செய்கிறேன்! குழாயடியில் யார் குடம் முந்தி, நூறு நாள் வேலையில் யார் பேர் விட்டுப்போச்சு, மகளிர் குழுவில் யார் கூட்டத்துக்கு வராமல் கையெழுத்து மட்டும் போட்டாள், எல்லாம் வினோதினியைக் கூப்பிடு, அவள் சொல்லட்டும். மாட்டுக் கேள்விக்கு மேலே விதி தெளிவாகவே இருந்தது: மாட்டை வைத்திருப்பவன், அவன் மேல் தவறு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது செய்யும் சேதத்துக்குப் பொறுப்பு. அதற்கும் மேலே, பக்கத்தின் தலையில், தடித்த எழுத்தில்: கொடுத்த விதியை மட்டும் பின்பற்றுக, சொந்த நியாயத்தைக் கொண்டுவராதீர். படித்தேன். இரண்டையும் படித்தேன். படித்துவிட்டு, இது நியாயம் தெரியாதவர்களுக்குச் சொன்னது, எனக்கில்லை என்று நினைத்துக்கொண்டேன் பாருங்கள், அங்கேதான். இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டியவன் பாவம் என்ன பண்ணுவான்? வெடி போட்டவனைப் பிடி! அடுத்த கேள்வியில் வயசைப் பொய் சொல்லி சைக்கிளை விற்ற பொடியன், அவனிடம் காசைத் திரும்ப வாங்கு, காதைத் திருகி அனுப்பு! இப்படிப் பதினாலு கேள்வி. விடைத்தாளில் பஞ்சாயத்துப் பண்ணிவிட்டு, முந்தானையைப் பிடித்துக்கொண்டு, சிரித்த முகமாக வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் சஷ்மி தூங்கிக்கொண்டிருந்தாள். நான் போகும்போது எப்படிக் கிடந்தாளோ அப்படியே.

இவள் தொடை சிவந்திருக்கிறதா? கொஞ்சம் சிவப்புதான். தேய்க்கக் கூடாது என்று சிஸ்டர் சொன்னார். தேய்க்கவில்லை, சும்மா விரலை வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் சூடாக இருக்கிறதோ. என் விரல்தான் சூடோ. அரை மணி நேரம் உட்கார வைப்பதே எதற்கு, ஒன்றும் ஆகாது என்றால் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதானே. ஆயிரத்தில் ஒருத்திக்கு, லட்சத்தில் ஒருத்திக்கு ஏதாவது ஆகும் என்பதால்தானே. அந்த ஒருத்தி யார் என்று யாருக்குத் தெரியும். மூச்சு சரியாக வருகிறது. எண்ணினேன். மூக்கு ஒழுகுகிறது, அது காலையிலிருந்தே ஒழுகுகிறது, அதையும் சிஸ்டரிடம் சொன்னேன், பரவாயில்லை என்றார். கைபேசியைத் தொடு. மேலே தள்ளு. சரி. ரிசல்ட் வந்த அன்று விடைகளையும் வெளியிட்டார்கள், ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன், பொங்கலுக்கு வாங்கின புது டியூப்லைட் வெளிச்சத்தில். இங்கிலீஷில் கூட மோசமில்லை. சட்டத்தில் பதினாலுக்கு மூன்று. மூன்று! எதை நன்றாகச் செய்தேன் என்று சிரித்துக்கொண்டு வந்தேனோ அதில்தான். அப்போது வாசலில் அத்தையும், பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும், போனில் இவரும். என் வீட்டுக்காரர் கதிரேசன் போர்வெல் வண்டியில் சத்தீஸ்கர் பக்கம் எங்கேயோ, பின்னால் வண்டி இரைச்சல். "என்னாச்சு வினோ?" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கேட்ட மாதிரி இருந்தது. எனக்கு நியாயம் தெரியாது என்று எப்படிச் சொல்வது. குழாயடியில் நாளைக்கு எந்த முகத்தோடு போய்த் தீர்ப்புச் சொல்வது. வாயிலிருந்து தானாக வந்தது: "வெளியில சஷ்மி அழுற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சுங்க, மனசு எழுத்துல நிக்கல." பெரியம்மா உச்சுக் கொட்டினார். இவர் போனில், "பாவம், விடு," என்றார். நான் அத்தையைப் பார்க்கவில்லை. பார்க்காமலே, அத்தை சொன்னது கேட்டது: "ஆமா, ஒரே அழுகை. என்னாலதான் அமத்த முடியல." அந்தக் குரல். அதில் ஒரு மடிப்பு இல்லை, ஒரு நெளிவு இல்லை. இரண்டு மணி நேரம் தூங்கின பிள்ளையை மடியில் வைத்திருந்தவர், அழுதாள் என்கிறார். அன்றைக்கு மட்டுமா, இந்தப் பதினோரு மாதமும், கல்யாண வீடு, காதுகுத்து, சத்துணவுக் கூடம், எங்கே யார் கேட்டாலும், "என்னாலதான், நான் சரியாப் பாத்துக்கல." ஏன்? சில நாள் நினைப்பேன், பெஞ்சிலேயே கண் அசந்துவிட்டார், பிள்ளை அழுதது அவருக்கே தெரியாது போல. சில நாள் நினைப்பேன், எல்லாம் தெரியும், என்றைக்காவது எடுத்து வைப்பார், சட்டினியில் உப்புக் கூடின அன்றைக்கு, "நீ பேசாத, உன் சங்கதி எனக்குத் தெரியும்" என்று. இதுவரை எடுத்து வைக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஒன்று ஐம்பத்திரண்டு. இப்போது அத்தை கண்டுபிடித்திருக்கிற வழி கரூர். கரூரில் நாத்தனார் வீடு. பரீட்சை முடிகிற வரைக்கும், ஒரு மாதம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுகிறாராம். "இந்தத் தடவை அழுக சத்தமே உனக்குக் கேக்கக் கூடாது. நிம்மதியா எழுது." லீவு கூடச் சொல்லிவிட்டார். பையில் சஷ்மியின் சட்டை, ஜட்டி, கிலுகிலுப்பை எல்லாம் வைத்தாகிவிட்டது. ஊசிக் காய்ச்சல் இறங்கினதும், வெள்ளிக்கிழமை காலை பஸ். இவரிடம் போனில் கேட்டேன், "உன் இஷ்டம்" என்றார். கேட்பதற்கு எவ்வளவு நல்ல வார்த்தை அது! எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. ஒரு மாதம் சஷ்மி இல்லாத வீடு. பாலை நிறுத்த வேண்டும், மார்பில் துணியைக் கட்டிக்கொண்டு கிடக்க வேண்டும். அதெல்லாம் கூடத் தாங்கிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன், எத்தனை பேர் தாங்கவில்லை? உள்ளுக்குள் ஓடுகிற பயம் வேறே. அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பிள்ளை கரூரில் இருக்கும்போது நான் மறுபடியும் தோற்றால் என்ன சொல்வேன்? கரூரிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது என்றா? மறைந்துகொள்ள என் பெண்ணைப் போல் ஒரு நல்ல இடம் எனக்கு வேறே கிடையாது. அவள் இருந்தால் படிக்க முடியாது, அவள் இல்லாவிட்டால் தோற்க முடியாது. அப்படியானால் எழுதாமலே விட்டுவிடலாமே. எழுதாதவள் தோற்பதில்லை. குழந்தை சின்னது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றால் ஊரே தலையை ஆட்டும், பெரியம்மா மறுபடி உச்சுக் கொட்டுவார், அத்தோடு முடிந்தது. அடுத்த வருஷமும் அதையே சொல்லலாம். அதற்கடுத்த வருஷம் இன்னொன்று பிறந்திருக்கும். கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. அப்புறம் எதற்குப் போன மார்ச்சில் லால்குடி கோர்ட்டுக்குப் போனேன்? என்னோடு படித்தவள் ஒருத்தி ஜீவனாம்ச வழக்குக்குத் துணைக்குக் கூப்பிட்டாள். அவளுடைய வக்கீல் இரண்டு நிமிஷம் ஏதோ பேசினார், நீதிபதி ஏதோ சொன்னார், எல்லாரும் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டோம். "என்னடி சொன்னாங்க, எனக்குக் கிடைக்குமா கிடைக்காதா?" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் அந்தக் காகிதத்தை வரி வரியாகப் படித்துச் சொன்னேன். இறங்கும்போது, "சனியனே, நீயே அந்தக் கறுப்புக் கோட்டை மாட்டிக்கிட்டு வந்திருந்தா எனக்கு அப்பவே புரிஞ்சிருக்கும்ல," என்றாள். அந்தப் பேச்சு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. ஐயோ, கைபேசி! தொடு, தொடு. நல்லவேளை, இன்னும் தள்ளிவிடவில்லை.

சஷ்மி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். இது வலி அழுகை, பசி அழுகை வேறே மாதிரி இருக்கும். நெற்றியில் கன்னத்தை வைத்தேன். சூடு. நிஜமாகவே சூடு. "சிஸ்டர், உடம்பு சுடுது, இங்க பாருங்க, தொடையும் தடிச்சிருக்கு." என் குரல் எனக்கே சின்னப் பிள்ளை குரல் மாதிரி கேட்டது. ஜெசிந்தா சிஸ்டருக்கு என் வயசுதான் இருக்கும், கையுறையைக் கழற்றிவிட்டு வந்து, தொடையைப் பார்த்து, அக்குளில் தெர்மாமீட்டர் வைத்து எடுத்தார். "நூறு. வரும்மா, இந்த ஊசிக்கு வரும். மருந்து நல்ல மருந்து, நானும் நல்லாத்தான் குத்தினேன், ஆனாலும் வரும்." தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் தன் நம்பரை எழுதினார். "சிரப் குடுங்க. மூணு நாளைக்குள்ள எந்நேரம் என்ன ஆனாலும் எனக்கு அடிங்க, சங்கோஜப்படாதீங்க. நான் குத்தினது, நான்தான் பாக்கணும்." சொல்லிவிட்டு அடுத்த குழந்தையின் அட்டையை வாங்கப் போய்விட்டார். நான் அந்த நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிஸ்டர் ஏன் பார்க்கணும்? இவர் மேல் என்ன தப்பு? ஊசியைச் சரியான நாளில், சரியான இடத்தில், பஞ்சால் துடைத்துப் போட்டார். இரண்டு முடிச்சுப் போட்டவர். ஆனாலும் நான்தான் பாக்கணும் என்கிறார், ஏதோ உப்பு வாங்கி வருகிறேன் என்கிற மாதிரி. அதைக் கேட்டு எனக்கு எவ்வளவு நிம்மதி! யாரைப் போய்ப் பிடிப்பது என்று தெரிந்துவிட்டது, அந்த நிம்மதி. அப்போதுதான் எனக்கு அந்தக் கத்திரித் தோட்டக்காரன் ஞாபகத்துக்கு வந்தான். பதினோரு மாதமாக நான் மாட்டுக்காரனையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், பாவம் பாவம் என்று. வெடி போட்டவனைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். செடியெல்லாம் மிதிபட்டுக் கிடக்கிற தோட்டத்தில் ஒருத்தன் நிற்கிறானே, அவன் எங்கே போவான்? முகம் தெரியாத வெடிக்காரனைத் தெருத்தெருவாகத் தேடிக்கொண்டா? மாடு யாருடையது என்று அவனுக்குத் தெரியும். கேள்வி அவன் பக்கமிருந்து கேட்ட கேள்வி. அந்த விதியும் நியாயம்தான், நான் நிற்காத பக்கத்து நியாயம். எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றுவிட்டது. என்னுடைய மாடும் ஒன்று பதினோரு மாதமாக ஊருக்குள் திரிகிறதே, அது யார் தோட்டத்தில் மேய்ந்துகொண்டிருக்கிறது?

இரண்டு ஐந்துக்கு அத்தை வந்தார். அண்டா கழுவின ஈரம் முழங்கைவரை காயவில்லை. தோளில் கைப்பை, கையில் தூக்குச் சட்டி, தக்காளி சாதமும் முட்டையும். வந்ததும் பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். சஷ்மி அத்தை மடியில் விழுந்ததும் அழுகை இரண்டு விக்கலாகக் குறைந்துவிட்டது. "சுடுதே. சிரப் குடுத்தியா? வெள்ளிக்கிழமைக்குள்ள இறங்கிடும். கரூர்ல ஏ.சி. ரூமு, சொகமாத் தூங்குவா." இப்போது சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை வந்துவிடும்.

"அத்தை, ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

"மொதல்ல சொல்லு. திட்டுறதா வேணாமான்னு அப்பறம் பாக்குறேன்."

"அன்னைக்குப் பரீட்சையில சஷ்மி அழல. நான் பொய் சொன்னேன்."

அத்தை தூக்குச் சட்டி மூடியைத் திருகித் திறந்தார். "எனக்குத் தெரியாதா? என் மடியிலதான கெடந்தா. ரெண்டு மணி நேரம் கால் மரத்துப்போயி எந்திரிக்கக் கூட முடியல. புள்ளைக்கு ஏதும் மருந்து கிருந்து குடுத்தீங்களான்னு வாட்ச்மேனே வந்து கேட்டுட்டுப் போனான்."

"அப்பறம் ஏன் ஊரெல்லாம் அழுதா அழுதான்னு சொன்னீங்க?"

"நீ சொல்லிட்டு நிக்கிற. இல்லைங்கவா? மருமக பொய் சொல்றான்னு போட்டு ஒடைக்க நான் என்ன சீரியல் மாமியாவா?" முட்டையை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை என் கையில் வைத்தார். பிறகு குரலை இறக்கினார். "பெரியம்மா என்ன சொல்லிட்டுத் திரியுது தெரியுமா? பொட்டப் புள்ள, பொறந்ததும் ஆத்தா படிப்புக்கு வெனையா வந்துச்சுன்னு. அதான் நான் என் மேல போட்டுக்கிட்டேன். நான் சரியாப் பாக்கலைன்னா என்னைத் திட்டிட்டுப் போவாங்க. இவ வளந்து, காதுல அது விழுந்தா? இந்தத் தடவை நீ பாஸ் ஆனாலும் சரி, ஆகாட்டியும் சரி, இவ பேரு அதுல வரக் கூடாது. அதுக்குத்தான் கரூரு. வேற என்ன, எனக்கு மட்டும் ஒம் மாமனாரைத் தனியா விட்டுட்டுப் போக ஆசையா?"

முட்டையைச் சட்டி மூடியில் வைத்தேன். என் பொய் மிதித்த தோட்டம் என் பெண். நான் வெடி போட்டவனைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"கரூர் வேணாம் அத்தை. சஷ்மி இங்கயே இருக்கட்டும். சாயங்காலம் பெரியம்மாகிட்ட நானே போயிச் சொல்லிடறேன், பொய் சொன்னேன்னு. இவர்கிட்டயும் சொல்றேன். தோத்தது நான்தான். மறுபடி தோத்தாலும் நான்தான்."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் கோபம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன், இருக்க வேண்டியதுதானே. "பெரியம்மாகிட்ட நான் வரமாட்டேன், நீயே வாங்கிக் கட்டிக்க," என்றார். கைபேசியைக் கண்ணால் காட்டினார். "அத என்ன சொறிஞ்சுக்கிட்டே இருக்க? ஒண்ணு அமுக்கு, இல்லாட்டி உள்ள வையி."

முட்டை பட்ட விரலை முந்தானையில் துடைத்தேன். மறுபடி பதினாலுக்கு மூன்று வந்தால்? வந்தால் பதினாலுக்கு மூன்று. அமுக்கினேன். பச்சைப் பட்டன் மங்கி, நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அங்கன்வாடியில் டவர் சரியாகக் கிடைக்காது, சுற்றிக்கொண்டே இருந்தது. கடிகாரத்தில் இரண்டு பத்து ஆகியும் நாங்கள் எழுந்திருக்கவில்லை. சஷ்மி அத்தையின் முழங்கை ஈரத்தில் கன்னத்தை வைத்துக் கண்ணைச் சொருகினாள். அத்தை அவள் தொடையில் கை படாமல் முந்தானையை இழுத்துப் போர்த்திவிட்டு, என் பக்கம் நாற்காலியை நகர்த்திக்கொண்டார்.

"புள்ள அழல, நீயும் படிச்சுத்தான் போன. ஒரு வருஷமா மண்டை காயுதுடி எனக்கு. அப்படி என்னதான் கேட்டான் அந்தப் பேப்பர்ல? இது சுத்தி முடியிறதுக்குள்ள எனக்கும் ஒரு தடவை சொல்லேன்."